புரிஞ்சுதா, அத்தை?

"ஒண்ணும் தெரியாத ஆள் ஒருத்தர் வேணும் அத்தை" என்று மருமகள் வந்து நின்றபோது நான் ரசத்துக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்தேன். அக்கம்பக்கத்தில் யாரையோ தேடுகிறாள் என்றுதான் நினைத்தேன்.

"கீழ் வீட்டு மலையாளத்தம்மாவக் கேட்டுப் பாக்கட்டுமா?" என்றேன்.

"அவங்க ரிட்டயர்டு டீச்சர் அத்தை. அவங்களுக்கு எல்லாம் தெரியும். நீங்கதான் சரியான ஆளு."

புளியைப் பிழிந்த கை அப்படியே பாத்திரத்துக்குள் நின்றுவிட்டது. அவள் குத்திக்காட்டிச் சொல்லவில்லை. குத்திக்காட்டும் பெண் அல்ல அவள். கடையில் போய் அரைக் கிலோ வெங்காயம் வேண்டும் என்று கேட்பதுபோல, தேவையானதைத் தேவைப்பட்ட இடத்தில் கேட்டாள். அதனால்தான் எனக்கு முகம் சுருங்கிப்போயிற்று. அஞ்சாம் வகுப்போடு நின்றவள் என்பது எனக்கும் தெரியும், ஊருக்கும் தெரியும். அதற்கு ஒரு உபயோகம் இருக்கிறது என்று இந்த வயதில்தான் கேள்விப்பட்டேன்.

என் மகனுக்கு இங்கே வளைகுடாவில், அல் கூஸில் ஒரு கிடங்கில் சூப்பர்வைசர் வேலை. மருமகள் குழந்தைகள் கிளினிக் ஒன்றில் நர்ஸ். கராமாவில் பழைய கட்டடம் ஒன்றின் இரண்டாவது மாடியில் ஒரு படுக்கையறை வீடு. என் வீட்டுக்காரர் போன பிறகு, பேத்தி பிறந்த சமயத்தில் என்னையும் கூட்டி வந்துவிட்டார்கள். சமைப்பேன், பேத்தியைப் பார்த்துக்கொள்வேன். இறங்கிப் போனால் எங்கள் சந்து முனை வரைக்கும்தான். அங்கே உள்ள சாப்பாட்டுக் கடையில் எல்லோரும் தமிழ் பேசுகிறார்கள். இருந்தாலும் எனக்கு ஒரு டீ கேட்க வாய் வராது.

மருமகள் வேலை பார்த்துக்கொண்டே மேல்படிப்பு படித்துக்கொண்டிருந்தாள். சனி, ஞாயிறு வகுப்பு, மற்ற நாட்களில் டூட்டி. டூட்டி முடிந்தும் ஒரு டாக்டரம்மா பக்கத்தில் உட்கார்ந்து பழக வேண்டும். குழந்தைக்குச் சளி, காய்ச்சல், வயிற்றுப்போக்கு, தடுப்பூசி, எடை ஏறவில்லை, பேச்சு வரவில்லை என்று அன்றாடம் வருகிறதே, அதையெல்லாம் இந்தப் படிப்பு படித்த நர்ஸே பார்த்து மருந்தும் எழுதலாமாம். டாக்டருக்கும் நர்ஸுக்கும் நடுவே ஒரு படி என்று மகன் எனக்கு விளக்கினான். படிப்பின் பெயர் பீடியாட்ரிக் என்று ஆரம்பித்து பிராக்டிஷனர் என்று முடியும். நடுவில் இருப்பது என் வாயில் நிற்காது.

அதில் ஒரு பரீட்சையில் அவள் தோற்றுப்போனாள். எழுத்தில் இல்லை, பேச்சில். ஒரு அறைக்குள் ஒரு பெண்ணைக் குழந்தையின் தாயாக நடிக்க உட்கார வைத்திருப்பார்களாம். இவள் உள்ளே போய் விசாரித்து, குழந்தையைச் சோதித்து, மருந்து கொடுக்கும் முறையைத் தாய்க்குச் சொல்லிக் கொடுக்க வேண்டும். கண்ணாடிக்குப் பின்னாலிருந்து வாத்தியார்கள் பார்ப்பார்கள். நோயைச் சரியாகக் கண்டுபிடித்தாளாம், மருந்தும் சரிதானாம். தாய்க்கு விளங்கியதா என்று பார்க்கவில்லை என்று மார்க்கைக் குறைத்துவிட்டார்கள். இன்னும் ஒரு தடவை அதே பரீட்சைக்கு விடுவார்கள், அதிலும் போனால் படிப்பிலிருந்தே நீக்கிவிடுவார்கள் என்றாள்.

அன்று அவள் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டுவிட்டு அழுதது எனக்குக் கேட்டது. வெளியே வந்தபோது கேட்காததுபோலத் துணி மடித்துக்கொண்டிருந்தேன். ஆறுதல் சொல்ல எனக்கு வார்த்தை தெரியவில்லை. அந்தப் படிப்பைப் பற்றி நான் என்ன சொல்வது?

ஆகவே, ஒன்றும் தெரியாத ஆளாக உட்காருவதற்குச் சம்மதித்தேன்.

அவள் தமிழில் பேசிப் பழகிக்கொள்வாள். பரீட்சை இங்கிலீஷில்தான். "பாஷை எதுவா இருந்தா என்ன அத்தை, புரிய வெக்கிறதுதானே பரீட்சை" என்றாள். கூடத்து நாற்காலியில் என்னை உட்கார வைத்து, மடியில் பேத்தியின் பொம்மையைக் கொடுத்தாள். மேஜையில் காலி மருந்து பாட்டில். அதில் சர்க்கரைத் தண்ணீரில் கேசரிப் பவுடர் கலந்து ஊற்றியிருந்தாள். பக்கத்தில் ஊசி இல்லாத சிரிஞ்சு ஒன்று, புதிது. பிறகு படுக்கையறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, உள்ளேயிருந்து தட்டினாள். கதவைத் திறந்து, "வணக்கம்மா, உங்க பாப்பாவப் பாக்க வந்திருக்கேன்" என்றாள்.

நான் எழுந்து நின்றுவிட்டேன்.

"நீங்க எந்திரிக்கக் கூடாது அத்தை. நீங்க கொழந்தையோட அம்மா."

உட்கார்ந்தேன். மறுபடியும் உள்ளே போய்த் தட்டினாள். மறுபடியும் எழுந்துவிட்டேன். படித்தவர் ஒருவர் பேச வந்தால் கால் தானாக எழுந்துகொள்கிறது, நான் என்ன செய்ய? சோபாவில் டீ குடித்துக்கொண்டிருந்த மகன், "அம்மா, டாக்டருக்கே நீ மரியாதை குடுத்தா ஃபீஸ் ஏத்திருவாங்க" என்றான்.

"பாப்பா இன்னிக்கு எத்தன தடவ ஒண்ணுக்குப் போச்சு?"

மகன் இருக்கும்போது எப்படிச் சொல்வது? விரலைக் காட்டினேன்.

"வாயால சொல்லுங்க அத்தை. தாய்ப்பால் குடுக்கறீங்களா?"

மகனுக்கு டீ புரையேறிவிட்டது. டம்ளரைத் தூக்கிக்கொண்டு பால்கனிக்கு ஓடினான். எனக்குப் புடவைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொள்ள வேண்டும்போல இருந்தது. "ஆமான்னு சொல்லுங்க அத்தை, சும்மாதானே" என்று அவள் கெஞ்சினாள். "ஆமா" என்றேன். பேத்தி எடுத்த கிழவி, பொம்மைக்குப் பால் கொடுக்கிறேன் என்று சொல்லிவிட்டு அன்று முழுதும் மகன் முகத்தைப் பார்க்காமல் சாப்பாடு போட்டேன்.

அடுத்து அவள் மருந்தைப் பற்றிச் சொல்வாள். சொல்லி முடித்துவிட்டு, "புரிஞ்சுதா?" என்பாள். நான் தலையாட்டுவேன். "சரிம்மா, புரிஞ்சுது." உண்மையில் பாதி வார்த்தை காதில் விழுந்து மீதி காற்றோடு போயிருக்கும். அவள் வேகமாகப் பேசுவாள், அதுவும் நடுநடுவே இங்கிலீஷ். ஆனாலும் பெரிய படிப்பு படிக்கிற பிள்ளை வியர்க்க வியர்க்கச் சொல்லிவிட்டு முகத்தைப் பார்க்கும்போது விளங்கவில்லை என்று எப்படிச் சொல்வது? அது அவளை அடிப்பதுபோல. எங்கள் பள்ளிக்கூடத்தில் வாத்தியார் "புரிஞ்சுதா?" என்றால் மொத்த வகுப்பும் "புரிஞ்சுது சார்" என்று ஒரே குரலில் பாடும். இல்லை என்று சொன்னவன் பெஞ்சு மேல் நிற்பான். நான் ஒருநாளும் பெஞ்சு மேல் நின்றதில்லை.

இப்படியே பல நாள் நடந்தது. நான் தலையாட்டத் தலையாட்ட அவளுக்கு நம்பிக்கை வந்தது. பிறகு ஒருநாள் அவள் முறையை மாற்றினாள். வகுப்பில் சொல்லிக் கொடுத்தார்களாம், தாயையே திருப்பிச் சொல்லச் சொல்ல வேண்டும் என்று.

"எங்க, நான் சொன்னத நீங்க சொல்லுங்க அத்தை, பாப்போம்."

மருந்து என்றேன். காய்ச்சலுக்கு என்றேன். அதற்கு மேல் ஒன்றும் இல்லை. அவள் முகம் வாடியது. எனக்கு அந்த முகத்தைப் பார்க்கச் சகிக்கவில்லை. என்னால் இவள் மறுபடி தோற்றுப்போவாளோ என்று பயந்தேன்.

ஆகவே எனக்குத் தெரிந்த ஒரே வழியில் இறங்கினேன். வாய்ப்பாடு மாதிரி மனப்பாடம் செய்தேன். அவள் தினமும் சொல்வதைக் காதில் வாங்கி, பாத்திரம் தேய்க்கும்போதும் பேத்தியைத் தூங்கவைக்கும்போதும் முணுமுணுத்தேன். அஞ்சு எம்எல். சிரிஞ்சில் உறிஞ்ச வேண்டும். கன்னத்து ஓரமாக மெதுவாக விட வேண்டும். ஆறு மணி நேரத்துக்குள் அடுத்தது கூடாது. ஒருநாள் அவள் கேட்டதும் ஒரு வார்த்தை பிசகாமல் கொட்டினேன்.

அவள் எழுந்து வந்து என் கன்னத்தைக் கிள்ளினாள். "சூப்பர் அத்தை! நான் சொல்றது புரியுது பாருங்க!"

"பாட்டி ஃபர்ஸ்ட் ரேங்க்டா" என்று மகன் பேத்தியிடம் சொன்னான்.

பொய் சொல்ல மாட்டேன், எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. மருமகளுக்கு ஏதோ செய்துவிட்டோம் என்று இருந்தது.

பரீட்சை நெருங்கியபோது ஒரு சனிக்கிழமை வகுப்பு முடிந்து, கூடப் படிக்கும் இரண்டு பெண்களை அழைத்து வந்தாள். ஒருத்தி மலையாளி, ஒருத்தி பிலிப்பினோ. எங்கள் ஒத்திகையை அவர்கள் பார்த்துக் குறை சொல்ல வேண்டும் என்று ஏற்பாடு. நல்ல புடவை ஒன்றைக் கட்டிக்கொண்டேன். வடை சுட்டு வைத்தேன். மகன் டூட்டியில் இருந்தது நல்லதாகப் போயிற்று.

மருமகள் தட்டினாள், வந்தாள், கேட்டாள், சொன்னாள். நான் ஒப்பித்தேன். மலையாளத்துப் பெண் கை தட்டினாள். "அம்மா கலக்கிட்டாங்களே!" என்றாள். பிலிப்பினோ பெண் தமிழ் தெரியாமலேயே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்து வந்து என் கையில் மருந்து பாட்டிலைக் கொடுத்து, பொம்மையைத் தட்டிக் காட்டி, "மம்மா, ஷோ மீ" என்றாள்.

"செஞ்சு காட்டச் சொல்றா அத்தை" என்றாள் மருமகள் சிரித்துக்கொண்டே.

மேஜையில் சிரிஞ்சு இருந்தது. அத்தனை நாளும் அங்கேதான் இருந்தது. தினமும் மேஜையைத் துடைக்கும்போது அதைச் சுற்றித்தான் துடைப்பேன். தொட்டதில்லை. பரீட்சைச் சாமான், உடைந்துவிட்டால் என்ன செய்வது என்ற பயம். இப்போதும் கை அதன் பக்கம் போகவில்லை. எல்லோரும் என்னையே பார்க்கிறார்கள். சீக்கிரம் செய்து முடித்துவிட்டால் போதும் என்று ஆகிவிட்டது. எழுந்து அடுக்களைக்குப் போனேன். அலமாரியிலிருந்து என் பாலாடையை எடுத்து வந்தேன்.

பாலாடை என்றால், மூக்கு நீண்ட சின்னக் கிண்ணம். என்னுடையது எவர்சில்வர். குழந்தைக்குப் பால் புகட்டவும் மருந்து புகட்டவும் எங்கள் பக்கம் எல்லா வீட்டிலும் இருக்கும். ஊரிலிருந்து வரும்போது பெட்டியில் துணிக்கு நடுவே சுற்றி எடுத்து வந்தேன்.

தரையில் உட்கார்ந்து காலை நீட்டினேன். பொம்மையைக் கால் மேல் கிடத்தினேன். பாட்டிலைச் சாய்த்துப் பாலாடையில் ஊற்றினேன். இரண்டு விரலால் கன்னத்தை அழுத்தி வாயில் வைத்துக் கவிழ்த்தேன். "குடிச்சிரு தங்கம், ஒரே வாய்" என்றுகூடச் சொல்லிவிட்டேன். பொம்மை குடிக்குமா? ஆரஞ்சுத் தண்ணீர் அதன் கழுத்து வழியாக வழிந்து என் நல்ல புடவையில் இறங்கியது.

நிமிர்ந்து பார்த்தேன். பிலிப்பினோ பெண் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். சிரிக்கிறாள் என்று நினைத்து நானும் அசட்டுத்தனமாகச் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. மலையாளத்துப் பெண் மருமகளைப் பார்த்தாள். மருமகள் என்னையும் பார்க்கவில்லை, பொம்மையையும் பார்க்கவில்லை. பாலாடையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அத்தை."

"என்னம்மா?"

"நம்ம பாப்பாவுக்குப் போன மாசம் காய்ச்சல் வந்துச்சே. எதுல மருந்து குடுத்தீங்க?"

பேத்தி ஓர் ஓரமாக உட்கார்ந்து, வந்தவர்களின் செருப்பை ஜோடி மாற்றி அடுக்கிக்கொண்டிருந்தாள். ஒன்றரை வயது. நான் அவளைப் பார்த்தேன்.

"இதுலதான்" என்றேன்.

"சிரிஞ்சு குடுத்துட்டுப் போனேனே."

"பத்திரமா எடுத்து வெச்சிருக்கேன்மா."

எழுந்து போய் எடுத்து வந்தேன். அரிசி டப்பாவுக்குப் பின்னால், கவர்கூடப் பிரிக்காமல் இருந்தது. நீட்டினேன். வாங்கிக்கொண்டு அதையே பார்த்தாள்.

"எவ்வளவு குடுத்தீங்க?"

"நீ சொன்ன மாதிரி அஞ்சு."

"அஞ்சுன்னா எது வரைக்கும் அத்தை? காட்டுங்க."

பாலாடையின் மூக்கு ஆரம்பிக்கும் இடத்துக்குக் கொஞ்சம் கீழே விரலை வைத்தேன். எனக்கு அதுதான் அஞ்சு. கொஞ்சமாகக் கொடுக்கச் சொல்கிறாள், கொஞ்சம் என்றால் இவ்வளவு இருக்கும் என்று என் கண் முடிவு செய்துகொண்டது.

அவள் அந்த இடம் வரைக்கும் தண்ணீர் ஊற்றினாள். கவரைப் பிரித்துச் சிரிஞ்சை எடுத்து உறிஞ்சினாள். அஞ்சாம் கோடு வந்ததும் நிறுத்தினாள். "இது அஞ்சு" என்று சொல்லி ஒரு டம்ளரில் விட்டாள். பாலாடைக்குள் பார்த்தேன். இன்னும் தண்ணீர் இருந்தது. மறுபடி உறிஞ்சினாள். முன்பு வந்ததில் பாதி வந்தது.

"ஒந்நும் ஆயில்லல்லோ. பேடிக்க வேண்டாம் அம்மே" என்று மலையாளத்துப் பெண், ஒன்றும் ஆகவில்லையே பயப்படாதீர்கள் என்ற அர்த்தத்தில், என் தோளைத் தொட்டாள். அந்தக் கை பட்டதும்தான் நான் செய்தது எனக்கு உறைத்தது. மூன்று பிள்ளைகளை இந்தப் பாலாடையில்தான் வளர்த்தேன். இவளுடைய குழந்தையை என்னிடம் விட்டுவிட்டு இவள் மற்றவர் குழந்தைகளைக் காப்பாற்றப் போயிருக்கிறாள். நான் அஞ்சு எம்எல் என்று கிளிப்பிள்ளைபோலச் சொல்லிக்கொண்டு என் கண்ணளவில் ஊற்றியிருக்கிறேன்.

திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் தரையில் என் எதிரே உட்கார்ந்தாள்.

"அன்னிக்கு நான் உங்ககிட்ட எப்படிச் சொன்னேன் அத்தை?"

"ஷூ போட்டுக்கிட்டே சொன்ன. பஸ் போயிரும்னு அவசரமா இருந்த. அஞ்சு எம்எல்னு சொன்ன. புரிஞ்சுதா அத்தைன்னு கேட்ட."

"நீங்க?"

"சரிம்மான்னேன்."

அவள் இரண்டு கையாலும் முகத்தைத் தேய்த்துக்கொண்டாள். தோழிகளைப் பார்த்து இங்கிலீஷில் ஏதோ சொன்னாள். மலையாளத்துப் பெண் தலையைக் குனிந்துகொண்டாள். எனக்குப் பிறகுதான் தெரிந்தது, "பரீட்சையில் எனக்கு எதற்கு ஃபெயில் போட்டார்கள் என்று இப்போதுதான் தெரிகிறது" என்று சொன்னாளாம்.

நான் பாலாடையை எடுத்துக்கொண்டு அடுக்களைக்குள் போய்விட்டேன். கழுவினேன். கழுவியதையே மறுபடி கழுவினேன். அவர்கள் போகும்போது "பை மம்மா" என்ற குரல் கேட்டது. வெளியே வரவில்லை. வடை அப்படியே ஆறிக் கிடந்தது.

மகன் வந்ததும், "எனக்கு டிக்கெட் போடுப்பா, ஊருக்குப் போறேன்" என்றேன்.

அவனுக்கு அதற்குள் விஷயம் போயிருந்தது. "எதுக்கு? பாலாடைக்கு இங்க விசா கேன்சலா?" என்றான். நான் சிரிக்கவில்லை என்று கண்டதும் பக்கத்தில் வந்து நின்றான். "அவளும் சாப்பிடாம உக்காந்திருக்காம்மா. தப்பு என்மேலதான்னு சொல்றா. நீயும் தப்பு என்மேலன்னு சொல்ற. நடுவுல நான் எந்தப் பக்கம் சேரட்டும்? மொதல்ல எனக்குச் சோத்தப் போடு."

அதற்குப் பிறகு நான் நாற்காலியில் உட்காரவில்லை. அவள் கூப்பிட்டால் அடுப்பில் வேலை இருக்கிறது என்பேன், பேத்திக்குத் தூக்கம் வருகிறது என்பேன். அவளும் இரண்டொரு நாள் விட்டுப் பிடித்தாள். ஒரு மாலை, நான் கீரை ஆய்ந்துகொண்டிருந்த இடத்துக்கே வந்து, பொம்மையையும் சிரிஞ்சையும் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"எனக்கு வேற யாரும் இல்ல அத்தை. அடுத்த வாரம் பரீட்சை."

"வேண்டாம்மா. நான் தலையாட்டித்தானே உன்னக் கெடுத்தேன்."

"அதனாலதான் கேக்குறேன். இனிமே நீங்க சரின்னு சொன்னா நான் நம்ப மாட்டேன். புரியலைன்னா புரியலைன்னு சொல்லுங்க. அது ஒண்ணுதான் எனக்கு வேணும்."

எவ்வளவு சின்ன வார்த்தை. அது என் வாயில் வரவில்லை. அவள் சொல்லி முடித்துவிட்டுக் காத்திருப்பாள். நான் கீரைத் தண்டைக் கிள்ளிக்கொண்டே இருப்பேன். ஒரு மாமியாரும் மருமகளும் ஒன்றும் பேசாமல் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு உட்காருவது எவ்வளவு கஷ்டம் என்று உட்கார்ந்தவர்களுக்குத்தான் தெரியும். அவளுக்கும் கஷ்டம். நடுவில் புகுந்து தானே பதில் சொல்லிவிடத் துடிப்பாள். உதட்டைக் கடித்துக்கொள்வாள். "கேட்டுட்டு வாய மூடிக்கிட்டு இருக்கணும்னு வகுப்புல மேடம் சொன்னாங்க. அதுதான் எனக்கு வரல" என்பாள்.

கடைசியில் கீரையைப் பார்த்துக்கொண்டே கேட்டேன்: "ஆறு மணி நேரம்னா... காலைல பால் குடிச்சதும் குடுத்தா அடுத்தது எப்பம்மா? அது எனக்குப் புரியல."

சொல்லிவிட்டு எனக்குக் காது சுட்டது. பெஞ்சு மேல் ஏறி நிற்பதுபோலவே இருந்தது. அவள் எழுந்து போய்ச் சுவர்க் கடிகாரத்தைக் கழற்றி எடுத்து வந்து மடியில் வைத்துக்கொண்டாள். முள்ளைத் திருகிக் காட்டினாள். மத்தியானம் பேத்தி தூங்கி எழுகிற நேரத்துக்கு வந்து நின்றது முள். "அவ தூங்கி எழுந்ததுக்கு அப்புறம்னு வெச்சுக்கலாமா?" என்றேன். "வெச்சுக்கலாம் அத்தை" என்றாள். அன்று இங்கிலீஷ் வார்த்தை ஒன்றுகூட அவள் வாயில் வரவில்லை.

சிரிஞ்சையும் என் கையில் கொடுத்தாள். என் விரல்கள் தடித்தவை. தண்டை இழுத்தால் ஒரேயடியாக வந்துவிடும், காற்றும் சேர்ந்து வரும். கோடு கண்ணுக்குத் தெரியாமல் கலங்கும். அவள் பேத்தியின் நகப்பூச்சை எடுத்து அஞ்சாம் கோட்டில் சிவப்பாக ஒரு புள்ளி வைத்தாள். "பரீட்சைலயும் இப்படிச் செய்யலாமான்னு கேக்கணும்" என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள்.

பரீட்சை அன்று காலையில் அவளுக்குத் திருநீறு பூசிவிட்டேன். மாலையில் வந்து, "தெரியல அத்தை" என்று மட்டும் சொல்லிவிட்டுப் படுத்துவிட்டாள். ரிசல்ட் வரும்வரை வீட்டில் யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. நான் சமையலில் உப்பை மறந்தேன், அவள் உப்பு இல்லாததைக் கவனிக்காமலேயே சாப்பிட்டாள்.

பாஸ் என்று தெரிந்த வாரக் கடைசியில் அந்த இரண்டு தோழிகளும் வந்தார்கள். மகன் பிரியாணி வாங்கி வந்தான். எல்லோரும் தரையில் வட்டமாக உட்கார்ந்தார்கள். மருமகள் பரீட்சை அறைக் கதையைச் சொல்ல ஆரம்பித்தாள்.

"உள்ள போனா ஒரு அம்மா உக்காந்திருக்காங்க. நான் என்ன சொன்னாலும் சிரிக்கிறாங்க. எஸ் எஸ்ங்கிறாங்க. இப்படித் தலையாட்டுறாங்க." அவள் ஆட்டிக் காட்டினாள். கழுத்தை ஒரு பக்கமாகச் சாய்த்து, கண்ணைத் தாழ்த்தி, உதட்டில் ஒரு அசட்டுச் சிரிப்போடு. "எனக்குச் சிரிப்பு வந்திருச்சு. அப்படியே எங்க அத்தை! அண்டர்ஸ்டாண்டான்னு கேக்க வாய் வந்துச்சு. கேக்கல. சிரிஞ்ச அவங்க கையில குடுத்துட்டு, வாய மூடிக்கிட்டு உக்காந்துட்டேன்."

"எங்க அம்மாவுக்கு ராயல்டி குடுக்கணும்" என்றான் மகன்.

எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். அன்பாகத்தான் சிரித்தார்கள், எனக்கு அது தெரியும். ஆனாலும் அவள் ஆட்டிக் காட்டிய அந்தத் தலை என் கண்ணிலேயே நின்றது. நான் அப்படியா இருப்பேன்? என் வீட்டுக்காரரிடம், ஊரில் பாங்கியில், ஆஸ்பத்திரியில், விமான நிலையத்தில், எல்லோரிடமும் அப்படியா தலையாட்டிக்கொண்டு நின்றேன்? தண்ணீர் எடுக்கப் போவதுபோல எழுந்து அடுக்களைக்குள் வந்து, குளிர்சாதனப் பெட்டியைத் திறந்து அதன் வெளிச்சத்தில் சற்றுநேரம் நின்றேன்.

சில வாரம் கழித்துப் பேத்திக்கு மறுபடி காய்ச்சல் வந்தது. மருமகளுக்குக் காலை டூட்டி. வாசலில் நின்று ஒரு காலில் ஷூவை மாட்டிக்கொண்டே, "அத்தை, இந்தத் தடவ வேற மருந்து. ஆறு எம்எல். எட்டு மணி நேரத்துக்கு ஒரு தடவ. பால் குடிச்சப்புறம்தான், வெறும் வயித்துல வேண்டாம்" என்றாள்.

"சரிம்மா" என்றேன்.

சொன்ன பிறகுதான் இருவருக்கும் காதில் விழுந்தது. அவள் மற்றொரு ஷூவைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றாள். கீழே தெருவில் பஸ் வந்து நிற்கும் சத்தம் கேட்டது. அவள் கேட்கவில்லை, புரிஞ்சுதா என்று. என்னைப் பார்த்துக்கொண்டு பேசாமல் நின்றாள்.

பேத்தி என் தோளில் அனலாகக் கிடந்தாள். நான் தரையைப் பார்த்தேன். இந்த வயதில், என் பிள்ளையின் பெண்டாட்டி முன்னால், அதை மறுபடியும் சொல்ல வேண்டியிருக்கிறதே என்று கூச்சமாக இருந்தது. அந்தக் கூச்சம் இன்றைக்கும் போகவில்லை. போகும் என்றும் எனக்குத் தோன்றவில்லை.

"புரியலம்மா" என்றேன். "புள்ளி அஞ்சுலதானே இருக்கு. ஆறு எங்க வரும்?"

பஸ் கிளம்பிப் போயிற்று. அவள் மாட்டிய ஷூவைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, நகப்பூச்சைத் தேடினாள்.